அறுநூற்று முப்பது கிலோ

இந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டில்
எட்டுப் பேர் போகலாம், அறுநூற்று முப்பது கிலோ.
நாய் போகக் கூடாது.
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது.
மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் போடுகிறவன் நான்.
ஆகவே நாலாம் மாடிக்கு
இருபத்தாறு கிலோவைத் தூக்கிக்கொண்டு
படியேறுகிறேன்.
மிளகு என் தோளில் தாடையை வைத்து
கீழே போகிற சுவரை வேடிக்கை பார்க்கிறான்.

பழைய பெயர் ஃபில்ஃபில்.
எதிர் பிளாட் எகிப்துக்காரர்கள் வைத்தது.
அரபியில் அதுவும் மிளகுதான்.
விசா முடிந்து கிளம்பிய வாரம்
சோபாவை விற்றார்கள், ஏசியை விற்றார்கள்,
இவனை வாங்க ஆளில்லை.
சின்னவள் ரண்டா
அவன் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.
பாதி தண்ணீர் இருந்தது அதில்.

முயல் மாதிரி ஓடுகிறான் என்று சிரித்தோம்.
பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் துள்ளுவான்.
ஜெபராணி போனில் படமெடுத்து
மார்த்தாண்டத்துக்கு அனுப்பினாள்.
அங்கேயும் சிரித்தார்கள்.
அது வலி என்று
அவனுடைய பத்தாவது மாதத்தில்தான் தெரிந்தது.

டாக்டர் ரோவெனா எக்ஸ்ரேயைக் காட்டினார்.
தொடை எலும்பின் தலை ஒரு பந்து.
இடுப்பில் அது உட்கார ஒரு கிண்ணம்.
இவன் கிண்ணத்தில் ஆழமில்லை.
பந்து விளிம்பில் நிற்கிறது,
பஸ்ஸில் அரை சீட் கிடைத்தவன் மாதிரி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது.
அதுதான் கஷ்டம்.
கூண்டு தண்டவாளத்தில் ஆடினால்
இரண்டு மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் சொருகி
போல்ட்டை இறுக்கி
கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவன்.
படத்தின் மேல் விரலை வைத்து அளந்தேன்.
எவ்வளவு, என்று கேட்டேன்.
டாக்டர் திர்ஹத்தில் சொன்னார்.

அதுவரை:
எடை ஏறக் கூடாது.
சோறு வேண்டாம், ஏத்தன் சிப்ஸ் வேண்டவே வேண்டாம்
(ஜெபராணி என்னைப் பார்த்தாள்).
வழுக்குகிற தரை ஆகாது.
இப்போது எங்கள் வீட்டுக்குள்
ஸ்கிராப் யார்டில் பொறுக்கிய கார் மேட்டுகளால் ஒரு பாதை.
கட்டிலருகே டொயோட்டாவில் தொடங்கி
தண்ணீர்ப் பாத்திரத்தருகே நிசானில் முடியும்.
மிளகு அதைவிட்டு இறங்குவதில்லை.
வருகிற விருந்தாளிகளும்
அதிலேயே நடக்கப் பழகிவிட்டார்கள்.

ஜூலை. விடிகாலை நாலரை.
ஷார்ஜா இன்னும் நேற்றைய சூட்டை விடவில்லை.
நடைபாதையில் புறங்கை வைத்துப் பார்க்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
அடிவயிற்றுக்குக் கீழே பழைய துண்டு,
முனை இரண்டும் என் கையில்.
பின்பாதி எடை எனக்கு, முன்பாதி அவனுக்கு.
பள்ளிவாசலுக்குப் போகிற பட்டாணியர் இருவர்
நாங்கள் கடக்கும்வரை ஒதுங்கி நின்றார்கள்.
ஒருவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி
என்னவோ சொன்னார்.
எனக்குப் பஷ்தோ தெரியாது.
மிளகு வாலாட்டினான்.
வாலாட்டினால் இடுப்பு வலிக்கும். இருந்தும்.

"டிசம்பருக்கு நீங்க மட்டும் போங்க.
அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஆள் போனாப் போதும்."
அவித்த மீனுக்குள் மாத்திரையை ஒளித்தபடி
முகம் பார்க்காமல் சொன்னாள்,
முதல் நாள்
ஒரு வாரம்தான் இது இங்கே இருக்கும் என்றவள்.
மிச்சமாகிற டிக்கெட் காசு
எத்தனை திர்ஹம் என்று
நானும் கேட்கவில்லை.

நேற்று நள்ளிரவு நாத்தூர் ஷொஃபிகுல்
லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நின்றான்.
"பாய், கேமரா கராப்."
கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
உள்ளே போனோம்.

இரண்டாவது மாடியைத் தாண்டும்போது லேசாக ஒரு ஆட்டம்.
இடதுபக்க கைடு, நாளைக்குப் பார்க்கணும்.
மிளகுக்கும் தெரிந்தது.
காலை அகட்டி நின்றுகொண்டான்.
கண்ணாடியில்
எட்டுப் பேருக்கான இடத்தில் இரண்டு பேர்.

கதவு திறந்தது.
கூண்டுக்கும் தரைக்கும் நடுவில் மூன்று சென்டிமீட்டர் இருட்டு.
குனிந்து முகர்ந்தான்.
நான் கையை நீட்டினேன், எடுத்துக்கொண்டேன்.
முன்னங்கால்கள் போயின.
அப்புறம் வலது பின்னங்கால்.
ரொம்ப நேரம் கழித்து
இடது.

வீட்டுக்குள் டொயோட்டா தயாராக இருந்தது.